பிடி போன பச்சை மூடி

இரண்டு தளங்களும் முகப்பில் ஒரே மலையைத்தான் போட்டிருந்தன. ஒன்று கிழக்கே நின்று எடுத்த படம், மற்றது மேற்கே நின்று எடுத்தது. முதல் தளம் அதை மலையின் முகம் என்றது. இரண்டாவது தளமோ, இவர்கள் இத்தனை வருடமாக மலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு முகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றது. மலை எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

முதல் தளத்தின் பெயர் 'பள்ளத்தாக்கின் குரல்'. மலைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தாக்கு கிழக்கு நாட்டுக்கே சொந்தம் என்பது அதன் வாதம். இரண்டாவது 'பள்ளத்தாக்கின் உண்மை'. அது மேற்கு நாட்டுக்கு வக்காலத்து வாங்கியது. எழுபது வருடத் தகராறு. இரண்டு நாடுகளுக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஊரில், மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து இந்த இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தான் தராசு.

தராசு என்பது அலுவலகம் வைத்த பெயர். இரண்டு தட்டும் சமமாக நிற்கும்வரை ஒரு வரியை விடமாட்டான் என்பதற்காகப் பாராட்டாக வைத்தார்கள் என்று அவன் நம்பினான். மதியம் டீயா காப்பியா என்று கேட்டால் பதில் வருவதற்குள் கடையை மூடிவிடுவார்கள், அதற்காக வைத்தது என்று பக்கத்து மேசைக் கத்தரி அக்கா சொல்லுவாள். கத்தரி அக்காவின் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. எட்டுப் பக்கத்தை எட்டு வரியாக நறுக்கித் தருவாள். நறுக்கிப் போட்டதைப் பற்றி அப்புறம் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டாள்.

அவர்கள் வேலை பார்த்தது ஓர் ஒப்பீட்டு நிலையத்தில். ஒரே விஷயத்துக்காக மோதிக்கொள்ளும் இரண்டு தளங்களை எடுத்து, இடது பத்தியில் ஒன்று, வலது பத்தியில் மற்றது என்று அடுத்தடுத்து வைத்து நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுப்பார்கள். எது சரி என்று சொல்லக் கூடாது என்பது முதல் விதி. எந்த அறிக்கையில் வேலை செய்கிறோம் என்று வீட்டில் மூச்சு விடக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் உயிர்நாடி: இரண்டு பத்தியிலும் வார்த்தைகள் சமமாக இருக்க வேண்டும். இடது பக்கம் முப்பத்தெட்டு என்றால் வலது பக்கமும் முப்பத்தெட்டு.

"ஒரு பக்கம் ஒரு வார்த்தை தடிச்சாலும் நாம சாஞ்சிட்டோம்னு அர்த்தம்" என்பார் மேலாளர் அம்மா. பேச்சோடு விடமாட்டார். பென்சில் முனையால் ஒவ்வொரு வார்த்தையையும் தொட்டுத் தொட்டு எண்ணுவார்.

புள்ளி, கோடு, அடைப்புக்குறி எதுவும் எண்ணிக்கையில் சேராது. ஆகவே தராசு அவற்றைப் பதியும்போதே துடைத்துவிடுவான். எண்ணுவதற்குச் சுத்தமாக இருக்கும். இந்தச் சுத்தத்தைப் பார்த்து மேலாளர் அம்மா இரண்டு முறை அவனைப் பாராட்டியிருக்கிறார். பள்ளத்தாக்கு அறிக்கை நல்லபடியாக முடிந்தால் முதுநிலை ஒப்பீட்டாளர் பதவி அவனுக்குத்தான் என்று கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியும் இருக்கிறார். அந்தப் பதவிக்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு.

வீட்டில் அவன் தராசு இல்லை. மனைவிக்கு 'என்னங்க'. மாமனாருக்கு மாப்பிள்ளை.

மாமியார் போன பிறகு மாமனார் இவர்களோடு வந்து சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. வரும்போது இரண்டு பெட்டியும் ஒரு பச்சை எனாமல் மூடியும் கொண்டுவந்தார். மூடி சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாது. நடுவில் பிடி இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. தலை நிமிரும்போதெல்லாம் தராசின் நெற்றியில் இடிக்கும்.

"பாத்திரமே இல்லாம மூடி எதுக்கு? தூக்கிப் போட்டா என்ன?" என்று மாதம் ஒருமுறை கேட்பான்.

"அப்பாவோடது. இருந்துட்டுப் போகட்டும்" என்பாள் மனைவி. "இந்த வீட்டுல எதுக்குன்னே தெரியாம எவ்வளவோ இருக்கு. நான் கேட்டேனா?"

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அவள் ஒருவரை மேலும் கீழும் பார்த்தால் அதற்கு மேல் விவாதம் கிடையாது.

மாமனார் எங்கேயோ மலைப்பக்கம் பிறந்தவர், சின்ன வயதில் அங்கிருந்து கிளம்பிவிட்டவர் என்பது தராசுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. "நாங்க அங்கேர்ந்து வந்தப்ப, மாப்பிள்ளை" என்று அவர் ஆரம்பிப்பார். "சொல்லுங்க மாமா" என்பான் இவன், கண்ணை ஃபோனிலிருந்து எடுக்காமல். அவர் இரண்டாவது வாக்கியத்தில் தானே நிறுத்திக்கொள்வார். "அது ஒரு பெரிய கதை. அப்புறம் சொல்றேன்." அப்புறம் என்பது ஐந்து வருடமாக வரவில்லை. நாள் முழுக்க இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுதுகிறவனுக்கு வீட்டுக்கு வந்து மூன்றாவது ஒரு பக்கத்தைக் கேட்கத் தெம்பு இருக்காது என்பது அவனுடைய நியாயம்.

சென்ற வருடம் மனைவி தன் பழைய லேப்டாப்பை அப்பாவுக்குக் கொடுத்தாள். சில மாதம் கழித்து, சாப்பிடும்போது சொன்னாள்: "என்னங்க, அப்பா செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சவரம் பண்ணிக்கிறார், கவனிச்சீங்களா? இஸ்திரி போட்ட சட்டை வேற. பதினோரு மணிக்கு யாரோ ஃப்ரெண்ட்ஸ் வீடியோவுல பேசுறாங்களாம். ஆளே மாறிட்டார்."

"நல்லது" என்றான் தராசு. என்ன சொன்னாள் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அறிக்கையின் ஐந்தாவது பகுதிக்கு 'மூத்த சாட்சிகள்' என்று தலைப்பு. பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியவர்களின் நினைவுகளை இரண்டு தளங்களும் போட்டிருந்தன. பாதுகாப்புக்காகப் பெயர் இல்லை. 'குரல்' தளத்தில் ஒருவர், "வடக்கு ஓடைப் பெரியவர்". அவர் சொன்னதாக இருந்தது:

"அன்று எங்கள் வீட்டில் கிழக்கின் கொடி இருந்தது… அம்மா என் தலையில் ஒரு பச்சை மூடியைக் கவிழ்த்தாள். அதன் பிடி போன ஓட்டை வழியாகத்தான் நான் என் ஊரைக் கடைசியாகப் பார்த்தேன்."

தராசு வழக்கம்போல மூன்று புள்ளிகளைத் துடைத்துவிட்டு, வார்த்தைகளை எண்ணி, இடது பத்தியில் வைத்தான். பிறகு 'உண்மை' தளத்துக்குப் போனான். அங்கே ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக எடுத்த, முகம் கருப்பாகத் தெரிகிற ஒரு படம். "ஒரு மூத்த குடிமகன்" என்று போட்டிருந்தது.

"அன்று எங்கள் வீட்டில் மேற்கின் கொடி இருந்தது… அம்மா என் தலையில் ஒரு பச்சை மூடியைக் கவிழ்த்தாள். அதன் பிடி போன ஓட்டை வழியாகத்தான் நான் என் ஊரைக் கடைசியாகப் பார்த்தேன்."

இங்கேயும் புள்ளிகளைத் துடைத்தான். எண்ணினான். இரண்டு பத்தியும் அச்சு அசலாக ஒரே எண்ணிக்கை. அவன் தொழில் வாழ்க்கையில் நறுக்காமல் ஒட்டாமல் தட்டு நேராக நின்றது அதுதான் முதல் முறை. 

"அக்கா, இங்க வாங்களேன். ஒரே ஆளு. ரெண்டு தளத்துலயும் ஒரே ஆளு. கொடி மட்டும் மாறுது."

கத்தரி அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "அட, ஆமா. கெழவனுக்கு என்ன தைரியம். யாரு கேட்டாலும் அவங்களுக்குப் பிடிச்ச கலரைச் சொல்லியிருக்கான்."

"கையும் களவுமா மாட்டினார்" என்றான் தராசு. படத்தைப் பெரிதாக்கி, குறிப்புப் பெட்டியில் கர்மசிரத்தையாக எழுதினான்: "படம் வீட்டுக்குள் எடுக்கப்பட்டது. பின்னால் சுவர்க் கடிகாரம். முட்களில் ஒன்று வளைந்திருக்கிறது." அந்த வளைந்த முள்ளை ஐந்து வருடமாக தினமும் காலையில் பார்த்து, அது காட்டும் நேரத்தில் ஏழு நிமிடத்தைக் கழித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவன் அவன்தான்.

நிலையத்தில் குறைகளுக்கு எண் உண்டு. பழைய புள்ளிவிவரம் குறி இரண்டு. ஆதாரமில்லாத படம் குறி நான்கு. முரண்பட்ட இரண்டு சாட்சியம் சொன்ன ஒரே ஆள், குறி ஏழு: நம்பத்தகாத சாட்சி. பத்து வருடத்தில் யாரும் குறி ஏழு போட்டதில்லை. தராசு போட்டான். போட்டவுடனே கணினி தானாகவே அவன் எழுதிய குறிப்பையும் சேர்த்து இரண்டு தளங்களுக்கும் அறிவிப்பு அனுப்பியது: பதினைந்து நாளுக்குள் உங்கள் விளக்கத்தைத் தரவும்.

மேலாளர் அம்மா அவன் மேசைக்கே வந்து கை கொடுத்தார். போகும்போது அவனுடைய நாற்காலியைப் பரிதாபமாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, வீட்டுச் சமையலறைக் குழாய் விடாமல் ஒழுகியதால் தராசு விடுப்பு எடுத்தான். குழாய்காரர் பத்தரைக்கு வந்து, தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டார். தராசு கூடத்துக்கு வந்தான்.

மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம். நீலக் கோட்டுச் சட்டை, கழுத்துவரை பொத்தான். எதிரே லேப்டாப், திரையில் எதுவும் ஓடவில்லை. பதினோரு மணி ஆயிற்று. பதினொன்றே கால் ஆயிற்று. அவர் ஒருமுறை கையை நீட்டித் திரையில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"யாராவது கூப்பிடணுமா மாமா?" என்று கேட்டான் தராசு.

"இல்ல மாப்பிள்ளை. இனிமே கூப்பிட மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இந்தச் சட்டை?"

"செவ்வாய்க்கிழமை இல்லையா" என்றார் அவர்.

தராசு வேறு வேலையில்லாததால் உட்கார்ந்தான். ஐந்து வருடத்தில் ஃபோன் இல்லாமல் அவர் எதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை; ஃபோன் சமையலறையில் குழாய்காரருக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தது.

"யாரு அந்த ஃப்ரெண்ட்ஸ்?"

"ஒரு பல் டாக்டரம்மா. செவ்வாய்க்கிழமை அவங்க. வெள்ளிக்கிழமை ஒருத்தர், கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவர். எங்க ஊரைப் பத்தி ரெண்டு வெப்சைட்டு இருக்கு மாப்பிள்ளை, ஆளுக்கு ஒண்ணு நடத்துறாங்க. நான்தான் ரெண்டுக்கும் எழுதிப் போட்டேன், ஓடை படத்துல தப்பான ஓடைன்னு. நான் என்னமோ ஒரே ஆபீசுக்கு ரெண்டு கிளைன்னு நெனச்சேன். ரெண்டுலயும் அதே மலைதானே இருக்கு?" அவர் லேசாகச் சிரித்தார். "ரெண்டு பேரும் நல்லா பேசுவாங்க. நாப்பது நிமிஷம், அம்பது நிமிஷம் கேப்பாங்க. போன வாரம் அந்தம்மா மட்டும் கூப்பிட்டாங்க. அழுதுட்டாங்க பாவம். யாரோ ஒருத்தர் என்னைப் பத்தி எழுதிட்டாராம், நம்பத்தகாத ஆளுன்னு. அதுக்கு ஒரு நம்பர்கூடச் சொன்னாங்க."

தராசு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "என்ன நம்பர்?"

"ஏழு. குறி ஏழாம்." மாமனார் அந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "எத்தனைக்கு ஏழுன்னு கேக்க மறந்துட்டேன்."

தராசு மெல்லத் தலையைத் தூக்கினான். சுவரில் கடிகாரம். வளைந்த முள். வெளிச்சம் ஜன்னலிலிருந்து மாமனாரின் முதுகுக்குப் பின்னால் வந்து, அவர் முகத்தைக் கருப்பாக்கிக்கொண்டிருந்தது.

"சார்" என்று சமையலறையிலிருந்து குழாய்காரர் கூப்பிட்டார். "தண்ணி சொட்டுது, கீழ வைக்க ஏதாவது வேணும். இந்தப் பச்சை மூடியை வச்சுக்கட்டுமா? சும்மாதானே தொங்குது?"

"அதுல தண்ணி நிக்காதுப்பா" என்றார் மாமனார், இருந்த இடத்திலிருந்தே. "நடுவுல ஓட்டை."

தராசு எழுந்து சமையலறைக்குப் போனான். குழாய்காரர் கையிலிருந்து மூடியை வாங்கினான். பதிலுக்குத் தன்னுடைய சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தான். மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். விளிம்பில் எனாமல் பெயர்ந்து கருத்திருந்தது. அகலம் ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் தலைக்குத் தாராளமாகப் போதும்.

"மாட்டுற ஆணி ஆடுது சார், அதையும் அடிச்சிடவா?" என்றார் குழாய்காரர்.

"அடிங்க" என்றான் தராசு. "நல்லா அடிங்க."

புதன்கிழமை அவன் அலுவலகம் போனபோது இரண்டு தளங்களிலிருந்தும் விளக்கம் வந்து காத்திருந்தது. 'குரல்' எழுதியிருந்தது: எங்கள் சாட்சி பொய் சொல்லவில்லை, அவர் பேச்சை வெட்டியவர்கள் எதிர்த் தளத்தார், இதோ முழு ஒலிப்பதிவு. 'உண்மை' எழுதியிருந்தது: எங்கள் சாட்சி பொய் சொல்லவில்லை, அவர் பேச்சை வெட்டியவர்கள் எதிர்த் தளத்தார், இதோ முழு ஒலிப்பதிவு. கோபத்தில் இரண்டு பேரும் தங்கள் கத்தரிக்கோலையும் சேர்த்து உறையில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

தராசு காதில் ஹெட்ஃபோனை மாட்டினான். ஒன்று நாற்பத்து மூன்று நிமிடம், மற்றது ஐம்பத்தொன்று. இரண்டிலும் மாமனார் அதே கதையைத்தான் சொல்லியிருந்தார்.

அவருடைய அப்பா வீட்டில் இரண்டு கொடியும் வைத்திருந்தார். ஒன்று அரிசிப் பானைக்குப் பின்னால், மற்றது மெத்தைக்கு அடியில். கிழக்குப் படை தெருவில் வந்தால் கிழக்கின் கொடி வாசலில் ஏறும். மேற்குப் படை வந்தால் மேற்கின் கொடி. "எங்கப்பா கொள்கையே இல்லாதவர்னு நெனச்சுக்காதீங்க. வாசக்கதவு புதுசா போட்டது. அதை யாரும் உடைக்கக் கூடாதுங்கிறதுதான் அவரு கொள்கை." கடைசி நாள் இரண்டு படையும் தெருவின் இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. அப்பா வாசலில், கைக்கு ஒன்றாக இரண்டு கொடியோடு, எதை ஏற்றுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு இரண்டையும் உள்ளே எறிந்துவிட்டு, கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த ஈரப் போர்வையை எடுத்து வாசலில் கட்டினார். வெள்ளைப் போர்வை. கிழக்குப் படை, தங்களிடம் சரணடைந்துவிட்டார் என்று நினைத்தது. மேற்குப் படையும் அப்படியே நினைத்தது. இரண்டும் கைதட்டின. அந்தச் சந்தடியில்தான் அம்மா பிள்ளையைத் தூக்கி, அவன் தலையில் கைக்குக் கிடைத்த மூடியைக் கவிழ்த்துக்கொண்டு பின்வாசலால் வெளியேறினாள். அப்பா மூன்று நாள் கழித்துப் போர்வையோடு வந்து சேர்ந்தார்.

இத்தனையும் அந்த மூன்று புள்ளிகளுக்குள் இருந்தது. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று. ஆறையும் துடைத்தவன் தராசு, எண்ணுவதற்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று.

இரண்டாவது பதிவின் கடைசியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் கேட்டார்: "வீட்டுல யாரு யாரு இருக்காங்க ஐயா?"

"மக, மாப்பிள்ளை" என்றது மாமனாரின் குரல். "மாப்பிள்ளைக்கு ரொம்பப் பெரிய வேலை. ரெண்டு பக்கமும் முழுசாக் கேட்டுத்தான் ஒரு வரி எழுதுவாராம். அதான் களைச்சுப் போய் வருவார். நான் தொந்தரவு பண்றதில்ல."

தராசு ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கத்தரி அக்கா அவனைப் பார்த்துவிட்டு, ஒரு டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

குறியைத் திரும்பப் பெற ஒரு படிவம் உண்டு. போட்டவரே தன் தவற்றை ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். எழுதிவிட்டால் அந்த அறிக்கை அவர் கையைவிட்டுப் போகும், அதோடு சுழல் நாற்காலியும் போகும். தராசு அன்று மதியம் டீயா காப்பியா என்றுகூடக் கேட்கவிடாமல் படிவத்தை எடுத்து நிரப்பினான்.

மேலாளர் அம்மா பென்சிலோடு படித்தார். "சாட்சிக்கும் உங்களுக்கும் என்ன உறவு? மாமனார். சரி." பென்சில் அடுத்த வரிக்கு வந்து நின்றது. "அவரை எத்தனை காலமாக அறிவீர்கள்? இங்க ஐந்து வருடம்னு எழுதி அடிச்சிருக்கீங்க. புதன்கிழமை முதல்னு போட்டிருக்கீங்க. இது என்ன வெளையாட்டு?"

"இல்ல மேடம். சரிபார்த்துட்டுத்தான் எழுதினேன்."

அவர் பழைய குறிப்பை எடுத்துப் புரட்டினார். "உங்க வீட்டுக் கடிகாரத்தையே குறிப்புல எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"முள் வளைஞ்சிருக்குன்னு."

"ஏழு நிமிஷம் வேகம்னு எழுதல" என்றான் தராசு. "அது விட்டுப்போச்சு."

பள்ளத்தாக்கு அறிக்கையும் முதுநிலைப் பதவியும் கத்தரி அக்காவுக்குப் போயின. தராசை வீட்டு உபயோகப் பொருட்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு சலவை இயந்திரத் தளங்கள், இரண்டுமே தன்னுடையதுதான் சத்தமில்லாதது என்று கத்திக்கொண்டிருந்தன. கத்தரி அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் நறுக்கவில்லை. மாமனாரின் கதையை முழுசாக இடது பத்தியில் போட்டாள், அதையே முழுசாக வலது பத்தியிலும் போட்டாள். கீழே ஒரு வரி: "சாட்சி நம்பத்தக்கவர்." மேலாளர் அம்மா பென்சிலை எடுத்து, இரண்டு பத்தியையும் பார்த்து, எண்ணாமலே கீழே வைத்தார்.

படிவம் கொடுத்த அன்றே சாயங்காலம் தராசு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். இரண்டாவது விதி அத்தோடு ஒழிந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"கடையில நான் முதல்ல ஒரு கண்ணை மூடிட்டுப் படிக்கச் சொல்லுவேன்" என்றாள் கடைசியில். "அப்புறம் அடுத்த கண்ணை. அதுக்கப்புறம் ரெண்டையும் திறந்து படிக்கச் சொல்லுவேன். உங்க ஆபீசுல அந்த மூணாவது கிடையாதா?"

"கிடையாது" என்றான்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் அவள்.

குறி ஏழு நீங்கிவிட்டதால் பதினோரு மணி அழைப்புகள் திரும்ப வரும் என்று தராசு கணக்குப் போட்டிருந்தான். கணக்கு தப்பியது. புதிய அறிக்கையைப் பார்த்த இரண்டு தளங்களும் பெரியவரின் பக்கத்தையே மொத்தமாகத் தூக்கிவிட்டன. ஈரப் போர்வையை வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்துக்கு வாதாட முடியும்? எழுபது வருடத் தகராறில் இரண்டு பக்கமும் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரிடமிருந்து சத்தமே இல்லை. பல் டாக்டரம்மா மட்டும் அடுத்த செவ்வாய்க்கிழமை, தளத்துக்காக இல்லை, சும்மாதான் என்று சொல்லிக் கூப்பிட்டாராம். மாமனாரின் கடைவாய்ப் பல்லைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தாராம். செவ்வாய்க்கிழமை பிழைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அநாதையாக நின்றது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, வீட்டுக் கடிகாரப்படி பதினொன்று ஏழுக்கு, தராசு சலவை இயந்திரங்களை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படிக்குப் போனான். படியில் உட்கார்ந்து, ஃபோனை முழங்காலில் சாய்த்து வைத்து வீடியோ அழைப்பு போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது. திரையில் கருப்பாக ஒரு தலை, பின்னால் ஜன்னல். நீலக் கோட்டுச் சட்டை.

"வணக்கங்க" என்றார் மாமனார், திரையை நெருங்கி. "எந்த வெப்சைட்டுலேர்ந்து பேசுறீங்க?"

"மாப்பிள்ளை பேசுறேன் மாமா."

"மாப்பிள்ளையா? என்னாச்சு, குழாய் மறுபடி ஒழுகுதா?"

"இல்ல மாமா. அந்தக் குறி ஏழு போட்டது நான்தான்."

படிக்கட்டின் கீழே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள்.

"தெரியும்" என்றார் மாமனார். "டாக்டரம்மா அந்த நோட்டீசைப் படிச்சுக் காட்டினாங்க. கடிகாரத்துல முள் வளைஞ்சிருக்குன்னு இருந்தது. அவ்வளவு நுணுக்கமா யாரு பாப்பாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் மாமா ஒண்ணும் சொல்லல?"

"நீங்க பாவம், ரெண்டையும் படிச்சீங்க. ரெண்டுலயும் பாதிதான் இருந்தது. நீங்க என்ன பண்ணுவீங்க?" அவர் செருமிக்கொண்டார். "இதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா? வேலை இருக்கும், வைங்க."

"வைக்காதீங்க மாமா. கால் மணி நேரம் பிரேக் இருக்கு."

"கால் மணி நேரத்துல என்ன சொல்ல முடியும்? அந்தக் கார்க்காரரு அம்பது நிமிஷம் கேப்பாரு."

"மிச்சத்தை ராத்திரி சாப்பிடும்போது சொல்லுங்க. எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு பதிவுலயும் தேடிட்டேன், யாருமே கேக்கல. மூடி வந்திடுச்சு. பாத்திரம் என்னாச்சு?"

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. முகம் ஜன்னலிலிருந்து விலகி, முதல் தடவையாக வெளிச்சத்துக்கு வந்தது. காதோரம் சவரத்தில் விட்டுப்போன நாலு வெள்ளை முடி.

"பாத்திரம் அடுப்புல இருந்தது" என்றார். "பால் காஞ்சுக்கிட்டிருந்தது. எங்கம்மா சாகுறவரைக்கும் கொடியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல மாப்பிள்ளை. அடுப்பை அணைச்சோமா இல்லையாங்கிறதுதான் அவங்க கவலை. எங்கப்பாகிட்ட ஒரு நாளைக்கு நாலு தடவை கேப்பாங்க. அவரு, நான் வாசல்ல நின்னேன், எனக்கெப்படித் தெரியும்பார். இதுதான் எங்க வீட்டுல நாப்பது வருஷச் சண்டை."

"அணைச்சாங்களா?"

"இருங்க, அவசரப்படாதீங்க" என்றார் மாமனார், சட்டையின் மேல் பொத்தானைத் தளர்த்திக்கொண்டே. "முதல்ல அந்த அடுப்பு எப்படி இருக்கும்னு சொல்லணும்."

தராசு முழங்காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். ஃபோன் சாய்ந்துவிடக் கூடாது.